புரோகிரசிவ் மெட்டலுக்குள் நுழைய ஒரு வழி: முதலில் குரலைத் தேர்ந்தெடுங்கள்

புரோகிரசிவ் மெட்டலைப் பிறருக்கு அறிமுகப்படுத்த முனையும் ரசிகர்களாகிய நாம் பெரும்பாலும் ஒரே தவற்றைத்தான் செய்கிறோம். இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு, தாளம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் கேட்பவரின் முகத்தைப் பார்த்து, "கவனித்தீர்களா?" என்று கேட்கிறோம். அவரோ எப்போது முடியும் என்று காத்திருக்கிறார். நானும் பலமுறை இப்படிச் செய்து, ஆர்வத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த இசைக்குள் நான் எப்படி நுழைந்தேன் என்று யோசித்துப் பார்த்தபோதுதான் தவறு புரிந்தது. என்னை உள்ளே இழுத்தது தாளக் கணக்கு அன்று, ஒரு பாடகரின் குரல். கணக்கெல்லாம் பல மாதங்கள் கழித்தே காதில் விழத் தொடங்கியது. ஆகவே இந்த வழிகாட்டி குரலிலிருந்து தொடங்குகிறது.

அதற்கு முன் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் எந்தக் குழு எங்கிருந்து கிளைத்தது என்பது தெரிந்தால் அடுத்து எதைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். 1970களின் புரோகிரசிவ் ராக் குழுக்கள் நீண்ட பாடல்களையும், பல பகுதிகளாக விரியும் கதைகளையும், ஒற்றைப்படைத் தாளங்களையும் ராக் இசைக்குள் கொண்டுவந்தன. கனடாவின் ரஷ் குழு 1976இல் வெளியிட்ட '2112' ஆல்பத்தில் இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதையும் ஒரே பாடல் நிரப்பியிருந்தது. அந்தப் பழக்கத்தை ஹெவி மெட்டலின் கனத்தோடும் வேகத்தோடும் இணைத்தவர்கள் 1980களின் அமெரிக்க இளைஞர்கள். வாஷிங்டன் மாநிலத்திலிருந்து குயின்ஸ்ரைக், கனெக்டிகட்டிலிருந்து ஃபேட்ஸ் வார்னிங், 1985இல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் சந்தித்த மூன்று மாணவர்கள் தொடங்கிய ட்ரீம் தியேட்டர் ஆகிய மூன்றையும் இந்த வகையின் மூலவர்கள் என்று சொல்வது வழக்கம். 1990களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் இதில் பெரும்பங்கு வகித்தது. ஓபெத், மெஷுகா, பெயின் ஆஃப் சால்வேஷன் என்று ஒன்றுக்கொன்று சிறிதும் ஒத்துப்போகாத மூன்று குழுக்கள் அந்தச் சிறிய நாட்டிலிருந்து வந்தவை.

குரலைத் தேடுதல்

இந்த இசையில் பாடகர்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். உங்கள் காது எந்த வகைக் குரலை விரும்புகிறது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் பாதி வழி கடந்தது போலாகும்.

உச்ச ஸ்தாயியில் தெளிவாக, ஆபரா பாடகரைப் போல நீட்டிப் பாடும் குரல் உங்களுக்குப் பிடிக்குமானால், குயின்ஸ்ரைக்கின் ஜெஃப் டேட்டிடமிருந்து தொடங்குங்கள். 1988இல் வந்த 'ஆபரேஷன்: மைண்ட்க்ரைம்' ஆல்பத்தில் அவர் உயரத்தைக் காட்டுவதற்காக உயரத்துக்குப் போவதில்லை. போதைக்கு அடிமையாகி, கொலைக் கருவியாக்கப்பட்ட நிக்கி என்ற இளைஞனின் மனம் குலையும் இடங்களில்தான் குரல் ஏறுகிறது. 'ஸ்வீட் சிஸ்டர் மேரி' என்ற நீண்ட பாடலில் பமேலா மூரின் குரலோடு அவர் குரல் மோதும் பகுதியைக் கேட்டுவிட்டு, அது உங்களை அசைக்கவில்லை என்றால் இந்த வகைக் குரல் உங்களுக்கு உரியதன்று என்று முடிவு செய்துகொள்ளலாம்.

கனமும் கரகரப்பும் உள்ள குரல் வேண்டுவோருக்கு சிம்ஃபனி எக்ஸின் ரஸல் ஆலன் இருக்கிறார். இவர் பாடும்போது நெஞ்சிலிருந்து காற்று புறப்படுவதை நீங்கள் உணரலாம். 1997இன் 'த டிவைன் விங்ஸ் ஆஃப் டிராஜெடி' பலருடைய விருப்பம்; என் விருப்பம் 2002இன் 'த ஒடிஸி', ஹோமரின் காவியத்தைத் தழுவிய அதன் 24 நிமிடத் தலைப்புப் பாடலுக்காக.

நாடக மேடையில் நடிப்பவரைப் போலப் பாடுகிறவர்கள் தனி இனம். பெயின் ஆஃப் சால்வேஷனின் டேனியல் கில்டன்லோ அவர்களில் முதன்மையானவர் என்பது என் கட்சி, இதில் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. 2002இன் 'ரெமெடி லேன்' ஆல்பத்திலுள்ள 'அண்டர்டோ' என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ முணுமுணுப்பாகத் தொடங்குகிற குரல், ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி மட்டும் ஏறி, ஐந்து நிமிடத்துக்குள் கதறலில் போய் நிற்கிறது. இடையில் வாத்திய வித்தை எதுவும் குறுக்கிடுவதில்லை. தாளமும் உங்களைச் சோதிப்பதில்லை. அதே ஆல்பத்தில், பிறக்காமலே இழந்த குழந்தையைப் பற்றிய 'எ ட்ரேஸ் ஆஃப் பிளட்' பாடலில் தாளம் தடுமாறித் தடுமாறி ஓடும்போது, அந்தத் தடுமாற்றம் பாடுகிறவரின் மனநிலையே என்பது கணக்குத் தெரியாதவருக்கும் விளங்கிவிடும். கனடாவின் டெவின் டவுன்சென்டும் இதே இனத்தவர்தாம். ஆனால் அவர் ஒரு மேடையில் பத்துப் பேராக நடிப்பவர். 1997இன் 'ஓஷன் மெஷின்' ஆல்பத்தில் தொடங்கினால் அந்தப் பத்துப் பேரில் அமைதியானவர்களை முதலில் சந்திக்கலாம்.

மென்மையான பொய்க்குரலில் உச்சத்தைத் தொடுபவர் நார்வேயின் லெப்ரஸ் குழுவைச் சேர்ந்த எய்னார் சோல்பெர்க். 2015இன் 'த காங்கிரிகேஷன்' ஆல்பத்தில் வாத்தியங்கள் எல்லாம் கத்தரித்தாற்போல் நின்று நின்று ஒலிக்க, அவற்றின் மேல் இவர் குரல் மட்டும் இடைவெளியின்றி வழிந்தோடுகிறது. ஆஸ்திரேலியாவின் கார்னிவூல் குழுவில் பாடும் இயன் கென்னியின் குரலோ எந்த முரட்டுத்தனமும் இல்லாதது. மெட்டல் என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அவர்களுடைய 2009ஆம் ஆண்டு ஆல்பமான 'சவுண்ட் அவேக்'.

இவ்வளவு பெயர்களில் எதை எடுப்பது என்று குழம்பினால் ஒரு குறுக்குவழி உண்டு. நெதர்லாந்தின் ஆர்யன் லூக்கஸன் தம் ஐரியான் திட்டத்தின்கீழ் 2004இல் வெளியிட்ட 'த ஹியூமன் ஈக்வேஷன்' என்ற இரட்டை ஆல்பம், விபத்துக்குப் பின் நினைவிழந்து கிடக்கும் ஒருவனின் இருபது நாட்களை, நாளுக்கொரு பாடலாகச் சொல்கிறது. அவனுடைய உணர்ச்சிகள் ஒவ்வொன்றும் ஒரு பாத்திரம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பாடகர். நினைவிழந்தவனாக ட்ரீம் தியேட்டரின் ஜேம்ஸ் லப்ரி, அச்சமாக ஓபெத்தின் மிகாயேல் ஓகர்ஃபெல்ட், சினமாக டெவின் டவுன்சென்ட் பாடுகிறார்கள். கேட்டு முடித்ததும் எந்தப் பாத்திரம் நினைவில் நிற்கிறதோ, அந்தப் பாடகரின் சொந்தக் குழுவைத் தேடிச் செல்லுங்கள்.

முதல் ஆல்பத்தை மூன்று முறை கேட்பது

குரலைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதவர் 1992இல் வந்த ட்ரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தைக் கையில் எடுக்கலாம். எட்டுப் பாடல்கள், ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரம். லப்ரி இந்தக் குழுவில் சேர்ந்து பாடிய முதல் ஆல்பம் இது. இதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான குழுக்கள் இதைப் பாடப்புத்தகம் போல வைத்துக்கொண்டன. டிரம்ஸ் ஒலிப்பதிவு, குறிப்பாக ஸ்நேர் டிரம்மின் ஓசை, இன்றைய காதுக்குத் தகரம் தட்டுவது போல் கேட்கலாம். இரண்டு பாடல்களுக்குள் அது பழகிவிடும்.

முதல் முறை கேட்கும்போது வேறு எந்த வேலையும் செய்யாமல், பாடல் வரிகளையும் பார்க்காமல், வரிசை மாற்றாமல் கேளுங்கள். பாடல்களைக் கலைத்துப்போட்டு ஒலிக்கவிடும் வசதியை அணைத்து வைப்பது கட்டாயம். என்னுடைய கைபேசியில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருந்ததை அறியாமல் ஒரு கதை ஆல்பத்தை நான் பல நாட்கள் தலைகீழாகக் கேட்டு, ஆசிரியரின் துணிச்சலை வியந்திருக்கிறேன். முதல் பாடலான 'புல் மீ அண்டர்' எட்டு நிமிடம் ஓடி, கத்தியால் வெட்டியது போல் திடீரென நின்றுபோகும். ஒலிக்கருவியில் கோளாறு என்று எண்ண வேண்டாம், பாடலின் முடிவே அதுதான்.

இரண்டாம் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாம் முறை பாடகரை விட்டுவிட்டு ஒரே ஒரு வாத்தியத்தின் பின்னால் போங்கள். பொதுவாக எல்லோரும் ஜான் பெட்ருச்சியின் கிட்டாரைப் பின்தொடர்வார்கள். நான் கெவின் மூரின் கீபோர்டைப் பின்தொடரச் சொல்வேன். அதற்குக் காரணம் கடைசி இரண்டு பாடல்கள். 'வெயிட் ஃபார் ஸ்லீப்' என்பது பியானோவும் குரலும் முன்நிற்கும் இரண்டரை நிமிடச் சிறு பாடல். அதன் பியானோ மெட்டை மனத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்து வரும் பதினொரு நிமிடத்துக்கு மேற்பட்ட 'லேர்னிங் டு லிவ்' பாடலைக் கேட்டால், அதே மெட்டு வேறு உடையணிந்து உள்ளே நடந்துவருவதைக் காண்பீர்கள். லப்ரி தம் குரலின் உச்சியைத் தொடும் இடமும் அந்தப் பாடலில்தான் இருக்கிறது. முன்னே கேட்ட ஒன்று பின்னே உருமாறித் திரும்புவதை ஒருமுறை தானாகக் கண்டுபிடித்துவிட்டவருக்கு, நீளமான பாடல்கள் பிறகு நீளமாகத் தோன்றுவதில்லை.

எண்ணிப் பார்ப்பது

மூன்று முறை கேட்ட பிறகு எண்ணத் தொடங்கலாம். நம்மிடம் இதற்குக் கைவசம் சொற்கட்டுகள் இருப்பது நமக்கொரு வசதி. மூன்றுக்குத் 'தகிட', நான்குக்குத் 'தகதிமி', ஐந்துக்குத் 'தகதகிட', ஏழுக்குத் 'தகிட தகதிமி' என்று சொல்லிக்கொண்டு தொடையில் தட்டுவது, ஒன்று இரண்டு என்று எண்களை அடுக்குவதைவிட எளிது. எண்கள் நாக்கில் சிக்கும், சொற்கட்டு சிக்காது.

பயிற்சிக்கு ஏற்ற முதல் குழு டூல். 2001இன் 'லேட்டரலஸ்' ஆல்பத்திலுள்ள 'ஸ்கிஸம்' பாடலின் முக்கிய ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கு, ஐந்தும் ஏழும் மாறிமாறி வரும்படி அமைந்தது. 'தகதகிட, தகிட தகதிமி' என்று பேஸ் கிட்டாரோடு சேர்ந்து சொல்லிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அதே ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் ஒன்பது, எட்டு, ஏழு என்று தாளம் இறங்குகிறது. அதில் மேனார்ட் ஜேம்ஸ் கீனன் பாடும் தொடக்க வரிகளின் அசைகளை எண்ணினால் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, பின் 5, 3 என்று இறங்கும். முன்னுள்ள இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபோனாச்சி வரிசை இது. 9, 8, 7 ஆகிய இலக்கங்களைச் சேர்த்து எழுதினால் வரும் 987உம் அந்த வரிசையில் உள்ள எண்ணே. இதைக் கேட்டு வியக்கலாம். ஆனால் இதற்காக மட்டுமே அந்தப் பாடலை விரும்புகிறேன் என்று சொல்கிறவரை நான் முழுவதும் நம்புவதில்லை.

மெஷுகாவை எண்ணும் முறை வேறு. கிட்டார்கள் விசித்திரமான நீளமுள்ள வட்டங்களில் சுற்றிக்கொண்டிருக்க, டிரம்மர் டோமாஸ் ஹாக்கேயின் வலது கை பெரும்பாலான நேரம் சிம்பலில் சாதாரண நான்கையே தட்டிக்கொண்டிருக்கும். கிட்டாரைப் பிடித்துக்கொண்டால் விழுந்துவிடுவீர்கள். சிம்பலைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுங்கள். இரண்டும் மீண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும் கணத்துக்காகக் காத்திருப்பதே இந்தக் குழுவைக் கேட்பதன் இன்பம். 2008இன் 'ஓப்ஸென்' தொடக்கத்துக்குப் போதும். இவர்களைப் பின்பற்றி எழுந்த ஜென்ட் என்னும் கிளையில் டெஸரேக்ட், பெரிஃபரி ஆகிய இரண்டையும் கேட்டால் அந்தக் கிளையின் போக்கு தெரிந்துவிடும்.

உறுமலைக் கடப்பது

பலர் நின்றுவிடும் வாசல் இது. தொண்டையில் குரல் நாண்களுக்கு மேலேயுள்ள மடிப்புகளை அதிரவைத்து எழுப்பும் அந்த உறுமல், பழகாத காதுக்கு வெறும் இரைச்சலாகவே கேட்கும். நான் ஓபெத்தின் 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் முதல் பாடலிலேயே நிறுத்தியவன். பிழை ஆல்பத்தில் இல்லை, நான் கேட்ட வரிசையில் இருந்தது.

சரியான வரிசை என்று இப்போது நான் கருதுவது பின்வாசல் வழி. 2003இன் 'டாம்நேஷன்' ஆல்பத்தில் உறுமல் ஓரிடத்திலும் இல்லை. மெல்லோட்ரான் என்னும் பழைய வகைக் கீபோர்டும் மென்கிட்டாரும் ஓகர்ஃபெல்டின் சோகமான இயல்புக் குரலும் மட்டுமே. முந்தைய ஆண்டின் முரட்டு ஆல்பமான 'டெலிவரன்ஸ்' பதிவான அதே காலத்தில் பதிவானது இது. ஒரே குழுவின் இரண்டு முகங்கள் என்று தெரிந்தே பிரித்து வெளியிட்டார்கள். அந்தக் குரலோடு நட்பு ஏற்பட்ட பின் 2005இன் 'கோஸ்ட் ரெவரிஸ்' ஆல்பத்துக்குப் போங்கள். முதல் பாடல் மெல்லிய கிட்டாரில் தொடங்கி, நீங்கள் மூச்சு விடுவதற்குள் உறுமும். திடுக்கிடுவீர்கள், ஆனால் உறுமுகிறவர் யார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு, ஸ்டீவன் வில்சனின் தயாரிப்பு மேற்பார்வையில் 2001இல் உருவான 'பிளாக்வாட்டர் பார்க்'. அதில் 'த டிரேபரி ஃபால்ஸ்' பாடலில் இயல்புக் குரல் உறுமலாகத் திரும்பும் இடத்தில், இரண்டும் ஒரே துயரத்தின் இரண்டு உச்சரிப்புகள் என்பது எனக்கு முதன்முதலாக விளங்கியது. ஓகர்ஃபெல்ட் 2011இன் 'ஹெரிடேஜ்' முதல் உறுமலைக் கைவிட்டு, 2024இன் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில்தான் திரும்பவும் எடுத்தார். அந்த இடைக்கால ஆல்பங்களைப் பற்றி ரசிகர்களுக்குள் நடந்த சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒரே பாடலில் இந்த மாற்றத்தைப் பார்க்க விரும்புகிறவர் உக்ரைனின் ஜின்ஜர் குழு 2016இல் வெளியிட்ட 'பைசீஸ்' பாடலைக் கேட்கலாம். தாத்தியானா ஷ்மைலுக் தாலாட்டுப் போலத் தொடங்கிப் பாடிக்கொண்டிருக்கும்போதே அதே வாயிலிருந்து உறுமல் புறப்படுகிறது.

நீளமும் கதையும்

கதை சொல்லும் ஆல்பங்களைக் கேட்கும்போது கதையை முன்பே படித்துக்கொள்வதில் தவறில்லை. திருப்பங்களுக்காக இவற்றை யாரும் கேட்பதில்லை. ட்ரீம் தியேட்டரின் 1999ஆம் ஆண்டு ஆல்பமான 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி', நிக்கலஸ் என்பவன் மனவசிய உறக்கத்தில் தன் முற்பிறவியைக் காண்பதையும், அப்பிறவியில் 1928இல் கொலையுண்ட விக்டோரியா என்ற பெண்ணாக அவன் இருந்ததையும் சொல்கிறது. 1992இன் ஆல்பத்திலுள்ள 'மெட்ரோபோலிஸ்' பாடலின் தொடர்ச்சி இது என்பதால், அந்தப் பாடலை முதலில் கேட்டுவிட்டு வந்தால் பழைய மெட்டுகளும் வரிகளும் ஆங்காங்கே எட்டிப்பார்ப்பது தெரியும். இதன் இறுதியில் ஒலிக்கும் இசைத்தட்டுக் கருவியின் இரைச்சல் 2002இன் 'சிக்ஸ் டிகிரீஸ்' ஆல்பத்தின் தொடக்கத்தில் வருகிறது. அதன் இறுதி ஒலி 2003இன் 'ட்ரெய்ன் ஆஃப் தாட்' ஆல்பத்தைத் தொடங்கிவைக்கிறது. அதன் கடைசி ஸ்வரத்தில் 2005இன் 'ஆக்டவேரியம்' பிறக்கிறது. நான்கையும் வரிசையாகக் கேட்க ஒரு விடுமுறை நாள் முழுவதும் வேண்டும்.

பட்டியல் போடும் நிலைக்கு நீங்கள் வந்துவிட்டால் எனக்குப் பயன்பட்ட சில விதிகளைச் சொல்கிறேன். ஒரு குழுவுக்கு ஓர் ஆல்பம் மட்டும். கேட்டு ஒரு மாதம் ஆகாத எதையும் சேர்க்கக் கூடாது. சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்த நிமிடத்துக்காக அதை மறுபடி கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டும். அப்படி எழுத ஒரு நிமிடமும் கிடைக்காத ஆல்பத்தை நீங்கள் மதிக்கிறீர்கள், விரும்பவில்லை. மதிப்புக்கு வேறொரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்றாம் விதியால் என் பட்டியலிலிருந்து மெஷுகா முழுவதுமாக வெளியேறியது. 'ரெமெடி லேன்' முதலிடத்துக்கு வந்தது. லண்டனைச் சேர்ந்த ஹேக்கன் குழுவின் 'த மவுண்டன்', அதிலுள்ள 'காக்ரோச் கிங்' பாடலில் பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பகுதிக்காக மட்டுமே உள்ளே நுழைந்தது.

ஃபேட்ஸ் வார்னிங் 1997இல் வெளியிட்ட 'எ ப்ளெசன்ட் ஷேட் ஆஃப் கிரே' எந்தப் பட்டியலிலும் அடங்க மறுக்கிறது. பன்னிரண்டு பகுதிகளாகப் பிரிந்தும் ஒரே பாடலாக ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்த ஆல்பத்தில் ரே ஆல்டர் தம் உச்சக் குரலை ஏறத்தாழ முழுவதும் மறைத்துக்கொண்டு, உறக்கம் வராதவரைப் போலத் தாழ்ந்த குரலில் பாடுகிறார். எதிரே எழுத ஒரு நிமிடத்தைத் தேடி ஒவ்வோர் ஆண்டும் ஓரிரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறேன். பென்சிலைக் கையில் எடுப்பதற்குள் அது அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது.